குஞ்சின் குடலுக்கு வயது என்ன?

ஐப்பசி மழை பிடித்துக் கண்மாயில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். தேவகோட்டைப் பக்கமிருந்து வரும், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வரும், ஆள்தான் வேறு, பேச்சு ஒன்றுதான். "தம்பி, ஒரு லட்சம் மீன் நுண்குஞ்சு வாங்கி விட்டேன். பதினஞ்சு நாள் கழிச்சு வலை இழுத்தா ஒரு கைப்பிடிகூடத் தேறல. செத்துப்போன குஞ்சா பார்த்துக் கொடுத்துட்டானா?" நான் கேட்கும் முதல் கேள்வி, தீனி என்ன போட்டீர்கள் என்பது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் தாராளமாகப் போட்டேன், ஒரு நாளும் விட்டதில்லை என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. குஞ்சுக்குத் தீனி கிடைத்தது, ஆனால் அதைத் தின்னும் வாயும் செரிக்கும் குடலும் அந்தக் குஞ்சுக்கு அப்போது சரியாக உருவாகியிருக்கவில்லை. இதை போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு, கிழக்குக் கடற்கரையில் ஒரு கொடுவா மீன் பொரிப்பகத்தில் நான்கு வருடம் குஞ்சுத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஊருக்கே திரும்பி, பெரியப்பாவின் புஞ்சையில் பத்து பத்து சென்ட்டில் நான்கு நாற்றங்கால் குளம் வெட்டினோம். ஆடி, ஆவணியில் போர்த் தண்ணீரில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகளின் நுண்குஞ்சு, அதாவது பொரித்து மூன்று நாள் ஆன குஞ்சு, விட்டு வளர்த்தால், கார்த்திகையில் ஊர்க் கண்மாய்கள் நிறையும்போது கையில் விரல் நீளக் குஞ்சு இருக்கும், அதற்கு விலையும் இருக்கும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் முதல் பத்து நாளில் நிற்கிறது.

பெரியப்பா என்னிடம் ஒரு நாள் காரைக்குடிச் சந்தையில் வைத்துக் கேட்டார். ஒரு விரால், ஒரு ரோகு இரண்டும் வாங்கி வெட்டக் கொடுத்திருந்தோம். அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்த அக்கா விராலின் வயிற்றைக் கீறி உள்ளே கையை விட்டு இழுத்தபோது, தடித்த தோலோடு ஒரு பை வந்தது, அதற்குள் பாதி கரைந்த ஒரு சின்ன மீன். அடுத்து ரோகுவைக் கீறினார். பையைக் காணோம். மெல்லிய குடல் மட்டும் கயிற்றுப் பந்து மாதிரி சுருண்டு சுருண்டு வந்துகொண்டே இருந்தது, பலகையில் இழுத்துப் போட்டால் மீனைப்போல் எத்தனையோ மடங்கு நீளம். "இதுக்கு எரப்பையே கிடையாதுண்ணே, வாயிலிருந்து கடைசிவரைக்கும் குடல்தான்," என்றார் அந்த அக்கா, வெட்டிக்கொண்டே. பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நெசமாவா? வயிறு இல்லாம எப்பிடிடா செரிக்குது?"

நெசம்தான். கெண்டை வகை மீன்களுக்கு வாழ்நாள் முழுவதும் இரைப்பை கிடையாது. நமக்கு இருப்பதுபோல் அமிலம் சுரந்து உணவை ஊறவைக்கும் இடம் அதற்கு இல்லை. தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்து உள்ளே தள்ளும், குடலின் முன்பகுதி கொஞ்சம் அகன்று இருக்கும், அங்கே தங்கும், கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் போன்ற நொதிகள் காரத்தன்மையுள்ள நீரில் அதைச் சிதைக்கும். வளர்ந்த ரோகு பாசியையும் அழுகிய இலைதழையையும் தின்பதால் அதற்கு அவ்வளவு நீளக் குடல் தேவைப்படுகிறது. விரால் பிற மீனைப் பிடித்துத் தின்கிறது, பை இருக்கிறது, குடல் குட்டை. இதுவரைக்கும் மீன் வெட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதது என்னவென்றால், விராலோ கொடுவாவோ கட்லாவோ, முட்டையிலிருந்து வெளியே வரும் அன்றைக்கு எதற்குமே இரைப்பை கிடையாது. குடல் என்று சொல்வதற்கே ஒரு நேர்க்குழாய்தான் இருக்கும். பல மீன்களில் அன்றைக்கு வாய்கூடத் திறந்திருக்காது.

கட்லா முட்டை நம் ஊர் வெயிலுக்கு 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்துவிடும். வெளியே வரும் குஞ்சு வயிற்றில் மஞ்சள் கருவைச் சுமந்துகொண்டு தொங்கிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய மூன்று நாள் அந்தக் கரு அதற்குச் சாப்பாடு. அந்த மூன்று நாளுக்குள் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. கண்ணில் கறுப்பு ஏறுகிறது, தாடை உருவாகி வாய் திறக்கிறது, கல்லீரலும் கணையமும் தலைகாட்டுகின்றன, குழாய் முன், நடு, பின் என்று பிரிகிறது. கரு தீரும் நேரமும் வாய் திறக்கும் நேரமும் இயற்கையில் ஒன்றையொன்று ஒட்டியே வரும். இடையில் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

அப்போது அந்தக் குடலால் என்ன முடியும்? கணையத்தின் நொதிகள் கொஞ்சம் சுரக்கும். ஆனால் புரதத்தை முழுசாக உடைத்து முடிக்கிற திறமை இன்னும் வந்திருக்காது. அதனால் குடலின் பின்பகுதியில் உள்ள செல்கள் பாதி உடைந்த புரதத்தை அப்படியே உள்ளே விழுங்கி, செல்லுக்குள் வைத்துச் செரிக்கின்றன. நான் படித்ததிலேயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த விஷயம் இதுதான். கடைசியாக உருவாகப் போகும் அங்கத்தின் வேலையை, இருக்கிற செல்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து செய்துகொண்டிருக்கின்றன. கொடுவா மாதிரி இரைப்பை உள்ள மீனில், பிறந்து இரண்டு வாரத்தைத் தாண்டும்போதுதான் சுரப்பிகள் தோன்றி, அமிலமும் பெப்சினும் வந்து, இரைப்பை வேலையை எடுத்துக்கொள்கிறது. அதுவரைக்கும் உலர்தீனியை மட்டும் நம்பி விட்டால் குஞ்சு தின்றாலும் தேறாது.

பொரிப்பகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொடுவாக் குஞ்சு பொரிக்கும்போது ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டாம் நாள் முடியும்போது வாய் திறக்கும், மூன்றாம் நாளிலிருந்து ரோட்டிஃபர் கொடுக்க வேண்டும். ரோட்டிஃபர் என்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தண்ணீரில் தூசி மாதிரி நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு நுண்ணுயிர், மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதை வளர்க்கத் தனித் தொட்டி, அதற்குத் தீனியாகப் பச்சைப் பாசி வளர்க்க இன்னொரு தொட்டி. ஆக ஒரு மீன் குஞ்சுக்குச் சோறு போட மூன்று வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஒரு முறை எங்கள் ரோட்டிஃபர் தொட்டிகள் இரவோடு இரவாகச் சரிந்துவிட்டன. வேறு நுண்ணுயிர் புகுந்து பெருகிவிட்டது, காலையில் பார்த்தால் தண்ணீர் நுரைத்துப் புளிப்பு வாடை. குஞ்சுகள் வாய் திறந்து காத்திருக்கின்றன. வேறு இடத்தில் சொல்லி வைத்து, ரோட்டிஃபர் வண்டியில் வந்து இறங்க இரண்டரை நாள் ஆயிற்று.

தொட்டியில் ஊற்றினோம். குஞ்சு பாதிக்கு மேல் உயிரோடுதான் இருந்தது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒரு மணி நேரம் கழித்து நான் பத்துக் குஞ்சை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். அந்த வயதில் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், தின்றதெல்லாம் வெளியே தெரியும். நல்லாத் தின்ற குஞ்சின் குடலில் ரோட்டிஃபர்கள் பழுப்பு மணிகளாக அடுக்கி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பத்திலும் குடல் வெறும் கோடு. ஒரு துளித் தண்ணீரில் குஞ்சின் வாய்க்கு நேரே ரோட்டிஃபர் சுற்றிக்கொண்டிருக்கிறது, குஞ்சு தலை கவிழ்ந்து கிடக்கிறது, திரும்பிப் பார்க்கவில்லை. பட்டினி ஒரு கட்டத்தைத் தாண்டினால் குடலின் உள்சுவர் தேய்ந்துவிடும், நீந்திப் பாய்ந்து பிடிக்கத் தெம்பு இருக்காது. உயிர் இருக்கும், திரும்பி வர வழி இருக்காது. அடுத்த இரண்டு நாளில் தொட்டி காலியானது. அதற்குப் பிறகு பொரிப்பகத்தில் எந்தத் தொட்டியிலும் நான் குஞ்சு வருவதற்கு முன்னால் சாப்பாடு தயாராக இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டதே இல்லை.

உயிர்த்தீனி என்று ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறோம் என்றால், காரணம் பல. அது அசைகிறது, அசைவதைத்தான் குஞ்சின் கண் பிடிக்கும். தண்ணீரின் நடுவிலேயே மிதக்கிறது, கீழே போய் அழுகுவதில்லை. அதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் மென்மையான புரதம், குழந்தைக்குக் குழைத்துக் கொடுத்த சோறு போல. பொடித் தீனியில் இருக்கும் கரையக்கூடிய சத்து, குஞ்சின் வாயைச் சேருமுன் தண்ணீரோடு போய்விடும். ரோட்டிஃபர் தோலுக்குள் அது பத்திரமாக இருக்கும். கடல் மீனுக்கு இன்னொரு தேவையும் உண்டு, மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ கொழுப்பை அதுவாகத் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. அதனால் ரோட்டிஃபருக்கு முதலில் மீன் எண்ணெய்க் கலவையைத் தின்னக் கொடுத்து, வயிறு நிறைந்த ரோட்டிஃபரைக் குஞ்சுக்குக் கொடுப்போம்.

ரோட்டிஃபருக்கு அடுத்தது ஆர்ட்டீமியா. உப்பு ஏரிகளில் வளரும் சின்ன இறால் இனம், அதன் முட்டை காய்ந்து தூளாக டப்பாவில் வரும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று ஊதி 28 டிகிரி வெப்பத்தில் வைத்தால் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். பொரித்தவுடன் அதற்கும் வாய் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் போல ஆக வேண்டும், அதற்கு அப்புறம்தான் எண்ணெய்க் கலவை ஊட்ட முடியும். காற்றை நிறுத்தி அடியில் விளக்கு வைத்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து சேரும், ஓடு மேலே மிதக்கும், குஞ்சை மட்டும் வடித்தெடுப்போம். ஓட்டைச் சரியாகப் பிரிக்காமல் ஊற்றினால் அது மீன் குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும். ஆர்ட்டீமியா தின்ற கொடுவாக் குஞ்சுகளின் வயிறு வரிசையாக ஆரஞ்சு நிறத்தில் தெரியும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். அந்த அழகை நம்பி அள்ளி அள்ளி ஊற்றியும் இருக்கிறேன், தப்பு. கிடைக்கக் கிடைக்கக் குஞ்சு விழுங்கிக்கொண்டே இருக்கும், முன்னால் போனது செரிக்குமுன் பின்னால் வருவது அதைத் தள்ளிவிடும், பாதி உயிரோடேயே ஆர்ட்டீமியா வெளியே வந்து விழும். வயிறு நிறைந்திருந்தும் வளர்ச்சி இருக்காது.

சரி, நம்ம ஊர்க் குளத்துக்கு வருகிறேன். இங்கே தொட்டியும் கிடையாது, ஆர்ட்டீமியாவும் கிடையாது, தேவையும் இல்லை. குளமே அடுப்பு. இவ்வளவு படித்தும் முதல் வருடம் நான் கோட்டை விட்டேன். போர்த் தண்ணீர் தெளிவாக, அடி தெரிய நின்றது, சுத்தமான தண்ணீர் என்று மகிழ்ந்து குஞ்சை விட்டுவிட்டேன். உரம் போட்டு இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. பொரிப்பகத்திலிருந்து வண்டி வந்துவிட்டது, பையில் ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற பயம், வேறு வழி இல்லை என்று நினைத்தேன். ஒன்றரை லட்சத்தில் பத்தாயிரம் தேறியிருந்தால் அதிகம்.

இப்போது செய்வது இது. குளத்தைக் காயப்போட்டுச் சுண்ணாம்பு தூவுகிறோம். எங்கள் செம்மண்ணுக்கு அது ரொம்ப அவசியம். தண்ணீர் விட்டபின் பத்து சென்ட் குளத்துக்குக் கடலைப் புண்ணாக்கு 30 கிலோ, பச்சைச் சாணி 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ என்று கணக்கு வைத்து, அதில் பாதியை ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, குஞ்சு விடுவதற்கு முன்னாலேயே தெளிக்கிறோம். மீதியை அப்புறம் தண்ணீரின் நிறம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. புண்ணாக்கு செக்கிலிருந்து நேரே வருவது, ஊறவைத்த இரண்டாம் நாள் அந்தத் தொட்டிப் பக்கம் போக முடியாது, அவ்வளவு வீச்சம். அந்த வீச்சத்தில்தான் பாக்டீரியா பெருகுகிறது, அதைத் தின்ன ரோட்டிஃபர் பெருகுகிறது. முதலில் வருவது ரோட்டிஃபர், சில நாள் தள்ளி மொய்னா என்ற தண்ணீர்ப்பூச்சி, அதற்கும் பின்னால் இன்னும் பெரிய உருப்படிகள். குளத்துக்கும் வயது இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். ரோட்டிஃபர் வயதில் இருக்கும் குளத்தில் மூன்று நாள் குஞ்சை விட வேண்டும். பிந்தினால் அங்கே இருக்கும் பூச்சிகள் குஞ்சின் வாய்க்குப் பெரியவை, சில அந்தக் குஞ்சையே கடித்துத் தின்றுவிடும்.

கட்லாவும் ரோகுவும் மிர்காலும் வளர்ந்தபின் மேல்தண்ணீர், நடுத்தண்ணீர், அடிமண் என்று பிரித்துக்கொண்டு மேய்கின்றன. குஞ்சாக இருக்கும்போது அந்தப் பிரிவினை எதுவும் இல்லை. மூன்றுக்கும் அதே ரோட்டிஃபர், அதே மொய்னா, மூன்றுக்கும் அதே குட்டைக் குடல். ரோகுவின் அந்த நீளக் கயிறு பின்னால், பாசிக்கு மாற மாறத்தான் நீண்டு சுருள்கிறது.

குளம் தயாரா என்று பார்க்க ஒரு சின்ன வேலை இருக்கிறது. நுண்கண் வலையில் நாலைந்து இடத்தில் மொண்டு 50 லிட்டர் தண்ணீரை ஊற்றி வடிகட்டி, கீழே சேர்வதைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அசையாமல் வைக்க வேண்டும். உப்புப் பட்டதும் பூச்சிகள் செத்துப் படியும். ஒன்று முதல் இரண்டு மில்லி படிந்தால் விடலாம். எங்கள் ஊரில் ஒரு சிக்கல், செம்மண் கலங்கலும் சேர்ந்து படியும். அடியில் இருக்கும் சிவப்பு அடுக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதற்கு மேலே வெளிர்நிறத்தில் பஞ்சு மாதிரி நிற்கும் அடுக்குத்தான் கணக்கு. பெரியப்பா முதலில் மொத்தத்தையும் அளந்து "மூணு மில்லி இருக்குடா, விட்ரலாம்" என்றார். குழாயை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். பஞ்சு அடுக்கு அரை மில்லிகூட இல்லை. இப்போது என்னைவிட அவர்தான் சரியாகப் படிக்கிறார்.

குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் எண்ணெயும் சோப்பும் காய்ச்சித் தெளிக்கிறோம். பத்து சென்ட்டுக்கு எண்ணெய் இரண்டேகால் கிலோ, சோப்பு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. மேல்பரப்பில் படலம் விழுந்ததும் மல்லாக்க நீந்தும் பூச்சிகள் மூச்சு எடுக்க வந்து செத்துப்போகும். காற்று பலமாக அடிக்கும் நாளில் செய்தால் படலம் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், பலன் இருக்காது.

குஞ்சு விட்டபின் பொடித்தீனியும் கொடுக்கத்தான் செய்கிறோம். கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சம அளவு, மாவாகச் சலித்து, ஒன்றரை லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 900 கிராம், அதற்குப் பிறகு இரண்டு மடங்கு. இதில் ஒரு பங்கு நேரே குஞ்சின் வாய்க்குப் போகும், ஒரு பங்கு மொய்னாவுக்குப் போய் அது வழியாகக் குஞ்சுக்கு வரும். மூட்டை கணக்கில் கொட்டுகிறவர்கள் குளத்தின் மூச்சை அடைக்கிறார்கள், விடியற்காலையில் குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்துப் பசி என்று நினைத்து இன்னும் கொட்டுகிறார்கள். அது பசி இல்லை, ஆக்சிஜன் பற்றாக்குறை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

பதினைந்து இருபது நாளில் ஓர் அங்குலத்துக்கு வந்துவிட்டால் பாதி ஆபத்து தாண்டியது. நாற்றங்கால் குளத்தில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை பிழைத்தால் நல்ல பலன் என்றே இந்தத் தொழிலில் சொல்வார்கள். எனக்குப் போன வருடம் 42 வந்தது. நாற்றங்கால் இல்லாதவர்கள் நுண்குஞ்சு வாங்கி நேரே கண்மாயில் விட வேண்டாம், ஒரு குஞ்சின் விலை மலிவாகத் தெரியும், ஆனால் குரவைக்கும் கெளுத்திக்கும் தீனி வாங்கிப் போட்ட மாதிரிதான் முடியும். விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள். நுண்குஞ்சுதான் வேண்டும் என்றால் பொரிப்பகத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். வயிற்றில் கரு உருண்டையாக இருந்து, விழுந்து விழுந்து எழும்பினால் இன்னும் நாள் ஆகவில்லை. தண்ணீரை விரலால் சுழற்றினால் எதிர்த்து நீந்த வேண்டும்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரியும் உடனிருந்தவர்களும் கெண்டைக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன்னால் ஆற்று வெள்ளத்தில் போய்க் குஞ்சு அள்ளி வர வேண்டியிருந்தது. கொடுவாவைச் சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997ல் அடைத்து வைத்துப் பொரிக்க வைத்தது, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் 2010ல் கடல் விராலைப் பொரிக்க வைத்தார்கள். அதனால் முட்டைக்கு இப்போது பஞ்சம் இல்லை. அந்தக் குஞ்சின் முதல் வாய்ச் சோறு மட்டும் இன்னும் அவரவர் குளத்தில், அவரவர் கையில்தான் இருக்கிறது.

இந்த ஆவணியில் முதல் பை வந்தது விடிய ஐந்து மணிக்கு. பையைக் கட்டு அவிழ்க்காமல் இருபது நிமிடம் குளத்தில் மிதக்க விட்டோம். அப்புறம் வாயைத் திறந்து குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டோம். பெரியப்பா ஒரு டம்ளரில் நாலைந்து குஞ்சை மொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அரை மணி நேரம் கழித்துக் குளத்தில் விட்ட இடத்திலிருந்து திரும்பவும் மொண்டார். இந்தத் தடவை ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஓர் ஊசிமுனை அளவுக்கு வெளிர்நிறம் தெரிந்தது.

"தின்னுருச்சுடா," என்றார்.